தாய் நிரலைத் தொடாமல் புது கோட்: பைத்தான் பிளகின்களும் அவற்றின் லைப்ரரிகளும்

அறிக்கை தயாரிக்கும் ஒரு நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்திலிருந்து வரிகளை எடுத்து சிஎஸ்வி கோப்பாக எழுதித் தருவதே அதன் வேலை. ஒருவர் எக்செல் கோப்பு கேட்கிறார், சேர்த்துக் கொடுக்கிறீர்கள். இன்னொருவர் பிடிஎஃப் கேட்கிறார், அதையும் சேர்க்கிறீர்கள். மூன்றாவதாக வருபவர் தன் நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் ஒரு வடிவத்தைக் கேட்கிறார். அதன் விவரத்தை உங்களிடம் காட்டவே அவருக்கு அனுமதி இல்லை. இந்த இடத்தில்தான் பிளகின் வேண்டியிருக்கிறது. அவர் தன் பைத்தான் கோட்டைத் தானே எழுதி ஓர் இடத்தில் வைப்பார். உங்கள் நிரல், அதாவது தாய் நிரல், ஓடத் தொடங்கும்போது அதைக் கண்டுபிடித்து உள்ளே எடுத்துக்கொள்ளும். இரண்டு பேரும் ஒருவர் கோட்டை ஒருவர் திருத்த வேண்டியதில்லை.

சோதனைக் கருவியான பைடெஸ்ட், கோட் நடையைச் சரிபார்க்கும் ஃபிளேக்8, வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் அப்பாச்சி ஏர்ஃப்ளோ போன்ற பலவும் இப்படித்தான் இயங்குகின்றன. பைத்தானில் அந்நியக் கோட்டை உள்ளே கொண்டுவருவது நாலைந்து வரி வேலை. அந்தக் கோட் நம்பியிருக்கும் லைப்ரரிகளையும் கூடவே கொண்டுவருவதுதான் சிரமம். பிளகின் முறை உடையும்போது பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது. அதனால் இந்தக் கட்டுரையிலும் அந்தப் பகுதிக்கே கூடுதல் இடம்.

இம்போர்ட் செய்யும்போது என்ன நடக்கிறது

பைத்தானில் இம்போர்ட், அதாவது வேறொரு கோப்பின் கோட்டை (மாட்யூலை) உள்ளே எடுப்பது, நிரல் ஓடும் நேரத்தில் நடக்கும் வேலை. இம்போர்ட் என்ற வரியை எட்டியதும் பைத்தான் முதலில் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற அகராதியைப் பார்க்கும். இதுவரை ஏற்றிய எல்லா மாட்யூல்களும் பெயர்வாரியாக அதில் இருக்கும். பெயர் அங்கே இருந்தால் அதையே எடுத்துக் கொடுத்துவிடும், கோப்பைத் திரும்பப் படிக்காது. இல்லையென்றால் சிஸ்.பாத் என்ற பட்டியலில் உள்ள கோப்புறைகளை வரிசையாகத் தேடும். முதலில் எது அகப்படுகிறதோ அதுதான். பிறகு காலியான ஒரு மாட்யூலை உருவாக்கி, அதை சிஸ்.மாட்யூல்ஸில் பதிந்து, கோப்பை மேலிருந்து கீழ்வரை ஓட்டும்.

பிளகின்களில் வரும் தொல்லைகளில் பாதியை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். கோப்பின் மேல்மட்டத்தில் எழுதிய எதுவும் இம்போர்ட் ஆகும் அந்தக் கணமே ஓடிவிடும். பிளகின் எழுதியவர் மேல்மட்டத்தில் ஒரு சர்வரோடு தொடர்பு திறந்து வைத்து, அந்த சர்வரும் பதில் சொல்லாமல் கிடந்தால், உங்கள் நிரல் தொடக்கத்திலேயே உறைந்து நிற்கும். பெயர் மோதல் இன்னொன்று. பிளகின் கோப்புறையை சிஸ்.பாத்தின் தலைப்பகுதியில் சேர்த்திருக்கிறீர்கள், யாரோ அதில் ரேண்டம் அல்லது ஈமெயில் என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்திருக்கிறார். பைத்தானோடு வரும் அதே பெயருள்ள மாட்யூல் மறைந்துபோகும். பிழையோ சம்பந்தமே இல்லாத வேறொரு லைப்ரரிக்குள்ளிருந்து கிளம்பும். கோப்புறையைப் பட்டியலின் கடைசியில் சேர்த்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும்.

ஏற்றும் முன் ஒப்பந்தம்

தாய் நிரலுக்கும் பிளகினுக்கும் இடையே என்ன பேச்சு என்பதை முதலில் எழுதி வையுங்கள். நம் உதாரணத்தில் பிளகின் ஒரு கிளாஸ் தர வேண்டும். அதில் மூன்றே விஷயங்கள் போதும்: வடிவத்தின் பெயர், கோப்பின் பின்னொட்டு, வரிகளையும் கோப்புப் பாதையையும் வாங்கிக்கொண்டு எழுதும் ஒரு மெத்தட். இதை ஏபிசி மாட்யூலின் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸாக, அதாவது என்னென்ன இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் கிளாஸாக, எழுதலாம். பைத்தான் 3.8 முதல் உள்ள புரோட்டோகால் முறையிலும் எழுதலாம்.

இவற்றோடு ஓர் எண்ணையும் கட்டாயமாக்குங்கள்: இந்த பிளகின் ஒப்பந்தத்தின் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்பது. தாய் நிரல் ஏற்றியவுடன் அந்த எண்ணைப் பார்த்து, பொருந்தாவிட்டால் தெளிவான செய்தியோடு ஒதுக்கிவிட வேண்டும். இந்த ஒற்றை எண் இல்லாத முறைகளில், இரண்டு வருடம் கழித்து மெத்தடுக்கு ஒரு அளபுரு கூட்டும்போது பழைய பிளகின்கள் எல்லாம் வேலையின் நடுவில் விழும். தொடக்கத்திலேயே விழுந்திருந்தால் சமாளித்திருக்கலாம்.

மூன்று வழிகள்

எளிய வழி கோப்புறை. பிளகின்களுக்கென்று ஒரு பேக்கேஜ் கோப்புறை வைத்து, பிகேஜியூட்டில் மாட்யூலின் ஐட்டர்_மாட்யூல்ஸ் மூலம் அதிலுள்ள பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றையும் இம்போர்ட்லிப்பின் இம்போர்ட்_மாட்யூலிடம் கொடுக்க வேண்டும். பெயரைச் சரமாகக் கொடுத்தால் அது மாட்யூலை ஏற்றித் தரும். தாய் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோப்புறையில் புதுக் கோப்பு வந்து விழுந்தால், ஏற்றும் முன் இன்வேலிடேட்_கேஷஸ் என்பதைக் கூப்பிட மறக்கக் கூடாது. கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன என்பதை பைத்தான் நினைவில் வைத்திருக்கும். அது புதுப்பிக்கப்படாவிட்டால் கண்ணெதிரே இருக்கும் கோப்பையே இல்லை என்று சொல்லும்.

இரண்டாவது வழி, கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து ஏற்றுவது. சிஸ்.பாத்தைத் தொடவே வேண்டாம் என்பது இதன் நன்மை. வரிசை இது:

1. இம்போர்ட்லிப்.யூட்டிலில் உள்ள ஸ்பெக்_ஃப்ரம்_ஃபைல்_லொக்கேஷனிடம் ஒரு பெயரையும் பாதையையும் கொடுத்து ஸ்பெக் வாங்குங்கள்.
2. அந்த ஸ்பெக்கை மாட்யூல்_ஃப்ரம்_ஸ்பெக்கிடம் கொடுத்தால் காலியான மாட்யூல் கிடைக்கும்.
3. அந்த மாட்யூலை அதே பெயரில் சிஸ்.மாட்யூல்ஸில் நீங்களே பதியுங்கள்.
4. ஸ்பெக்கின் லோடரிடம் எக்ஸெக்_மாட்யூல் சொல்லி ஓட்டுங்கள். பிழை வந்தால் மூன்றாம் படியில் பதிந்ததை நீக்கிவிடுங்கள்.

பலர் விட்டுவிடுவது மூன்றாவது படி. விட்டாலும் எளிய பிளகின்கள் ஓடத்தான் செய்யும், அதனால்தான் தவறு கண்ணில் படுவதில்லை. பிறகு ஒருநாள் ஒருவர் தன் பிளகினில் டேட்டாகிளாஸ் (தரவை வைத்திருக்கும் கிளாஸை எளிதாக எழுதும் வசதி) பயன்படுத்துவார், டைப் குறிப்புகளைச் சரங்களாக வைத்திருக்கும் ஃப்ரம் __ஃப்யூச்சர்__ இம்போர்ட் அனொட்டேஷன்ஸ் என்ற வரியையும் மேலே போட்டிருப்பார். நன் டைப்புக்கு டிக்ட் என்ற பண்பு இல்லை என்று ஒரு புதிரான பிழை வரும். டேட்டாகிளாஸ் தன் மாட்யூலை சிஸ்.மாட்யூல்ஸில் தேடியது, அங்கே எதுவும் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். பிக்கிள் செய்யும்போதும் (ஆப்ஜெக்டைச் சேமிக்கக்கூடிய பைட்டுகளாக மாற்றும்போதும்) இதே இடத்தில் அடி விழும். பெயர் கொடுக்கும்போது முன்னால் ஒரு தனி முன்னொட்டும் சேருங்கள். இரண்டு பேர் மெயின் என்ற பெயரில் கோப்பு எழுதினாலும் ஒன்றை ஒன்று அழிக்காது.

பழைய பயிற்சிக் குறிப்புகளில் இம்ப் என்ற மாட்யூல் வைத்து இதையே செய்திருப்பார்கள். பைத்தான் 3.12இல் அது நீக்கப்பட்டுவிட்டது.

மூன்றாவது வழி என்ட்ரி பாயின்ட். பொதுவெளியில் மற்றவர்கள் பிளகின் எழுதித் தரும் அளவுக்கு உங்கள் நிரல் வளரும் என்றால் இதையே தேர்ந்தெடுங்கள். பிளகின் ஒரு முழுமையான பேக்கேஜாக இருக்கும். அதன் விவரங்கள் இருக்கும் பைபுராஜெக்ட் டோமல் கோப்பில், புராஜெக்ட் என்ட்ரி பாயின்ட்ஸ் என்ற பிரிவில் ஒரு குழுப் பெயர், அதன்கீழ் இடப்பக்கம் பிளகின் பெயர், வலப்பக்கம் மாட்யூலும் கிளாஸும் இடையில் முக்காற்புள்ளியுமாக எழுத வேண்டும். பைத்தானின் நிறுவல் கருவியான பிப் அதை நிறுவும்போது இந்தத் தகவல் பேக்கேஜின் டிஸ்ட்-இன்ஃபோ கோப்புறையில் பதிவாகிவிடும். தாய் நிரல் இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டாவிடம் அந்தக் குழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பட்டியல் வரும். லோட் என்று சொல்லும்வரை எந்தக் கோட்டும் ஓடாது. பைடெஸ்டின் குழுப் பெயர் பைடெஸ்ட்11. உங்கள் பேக்கேஜில் அந்தக் குழுவின்கீழ் ஒரு வரி எழுதி நிறுவினால் போதும், பைடெஸ்ட் அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

குழுப் பெயரை நேரடியாகக் கொடுத்துக் கேட்கும் வசதி பைத்தான் 3.10இல் வந்தது. அதற்கு முன் அகராதி ஒன்று திரும்ப வரும், அந்தப் பழைய முறை 3.12இல் போய்விட்டது. இன்னொன்று: எடிட்டபிள் முறையில், அதாவது கோட்டை நகலெடுக்காமல் மூலக் கோப்புறையையே சுட்டும்படி, நிறுவி வேலை செய்யும்போது கோட் மாற்றம் உடனே தெரியும், ஆனால் புதிதாகச் சேர்த்த என்ட்ரி பாயின்ட் தெரியாது. மறுபடி நிறுவினால்தான் பதிவாகும்.

லைப்ரரிகள்: ஒரு பெயருக்கு ஒரே பதிப்பு

ஒரு பைத்தான் பிராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள், ஒரு மாட்யூல் பெயருக்கு ஒரே ஒரு பதிப்புதான் இருக்க முடியும். சிஸ்.மாட்யூல்ஸ் பெயரை வைத்து இயங்கும் அகராதி, அதில் பதிப்பு எண்ணுக்கு இடமே கிடையாது. ஒரு பிளகின் தரவைச் சரிபார்க்கும் லைப்ரரியான பைடான்டிக்கின் பதிப்பு 1 கேட்கிறது, இன்னொன்று பதிப்பு 2 கேட்கிறது என்றால், முதலில் எது ஏறியதோ அதுவே இரண்டுக்கும் கிடைக்கும். இரண்டாவது பிளகின், தனக்குத் தெரியாத வேறொரு லைப்ரரியோடு பேசிக்கொண்டிருக்கும். ஏற்றும் வரிசை மாறினால் உடையும் பிளகினும் மாறும். அதனால்தான் ஒருவர் கணினியில் ஓடுவது இன்னொருவர் கணினியில் ஓடாமல் போகிறது.

இதைத் தவிர்க்க முதல் வழி, எல்லாவற்றையும் ஒரே சூழலில், ஒரே பிப் கட்டளையில் நிறுவுவது. தாய் நிரலையும் எல்லா பிளகின்களையும் ஒரே வரியில் கொடுத்தால் பிப் எல்லோருடைய நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்த்து, பொருந்தும் பதிப்புகளைத் தேடும். பொருந்தாவிட்டால் நிறுவாமல் நின்றுவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஒவ்வொன்றாகத் தனித்தனியே நிறுவினால், கடைசியாக வந்த பிளகின் தாய் நிரலின் லைப்ரரியையே மாற்றிவிடக்கூடும். பிப் எச்சரிக்கை காட்டும், ஆனால் தடுக்காது. நிறுவி முடித்ததும் பிப் செக் கட்டளையை ஓட்டினால் முரண்பாடுகளைப் பட்டியலிடும். தாய் நிரலோடு ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் கோப்பையும் வெளியிடுவது நல்ல பழக்கம். நீங்கள் சோதித்துப் பார்த்த பதிப்புகளை அதில் எழுதி வைத்தால், பிளகின் எழுதுபவர்கள் அதற்குள் நின்று நிறுவுவார்கள்.

இரண்டாவது வழி, பிளகினோடு அதன் லைப்ரரிகளையும் ஒரு கோப்புறையில் போட்டுக் கொடுப்பது. பிப் இன்ஸ்டாலில் டார்கெட் என்ற விருப்பம் இதற்குத்தான். பிறகு அந்தக் கோப்புறையை சிஸ்.பாத்தில் சேர்க்க வேண்டும். இணையத் தொடர்பு இல்லாத சர்வர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் ஒரு பெயர் ஒரு பதிப்பு என்ற விதி இங்கேயும் மாறவில்லை, கோப்புறைகள் தனித்தனி என்பதால் பிளகின்கள் தனித்தனி ஆகிவிடாது.

இந்த வழியில் அதிகம் நடக்கும் தவறு, ஒரு கணினியில் நிறுவியதை வேறு வகைக் கணினிக்கு அப்படியே நகலெடுப்பது. வெறும் பைத்தான் கோட் மட்டும் உள்ள லைப்ரரிகள் பெரும்பாலும் ஓடிவிடும். நம்பை, பாண்டாஸ் போன்றவற்றுக்குள் சி மொழியில் எழுதித் தொகுத்த பகுதிகள் உண்டு, அவை ஓடாது. வீல் கோப்பின் (பிப் நிறுவும் ஆயத்தத் தொகுப்பின்) பெயரைப் படிக்கத் தெரிந்தால் இதை முன்கூட்டியே பிடிக்கலாம். பெயரில் சிபி312-சிபி312 என்றிருந்தால் அது சிபைத்தான் 3.12க்கு மட்டும். மெனிலினக்ஸ் 2_17 எக்ஸ்86_64 என்றிருந்தால், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.17 அல்லது அதற்கு மேலுள்ள, இன்டெல் வகைச் செயலி கொண்ட லினக்ஸுக்கு. ஆல்பைன் லினக்ஸில் ஜிலிப்சி கிடையாது, அதற்கு மஸ்ல்லினக்ஸ் என்று குறித்த வீல் வேண்டும். நன் எனி என்று முடிந்தால் எங்கும் ஓடும். வேறு கணினிக்காகச் சேகரிக்கும்போது பிப் டவுன்லோட் கட்டளைக்கு பிளாட்ஃபார்மையும் பைத்தான் பதிப்பையும் சொல்லி, தொகுத்த வீல்கள் மட்டும் போதும் என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஜிப் கோப்பிலிருந்தே நேராக இம்போர்ட் செய்ய பைத்தானால் முடியும். ஆனால் சி பகுதிகளை ஜிப்புக்குள்ளிருந்து ஏற்றாது, விரித்து வைத்தாக வேண்டும்.

மூன்றாவது வழி தனிப் பிராசஸ். ஒவ்வொரு பிளகினுக்கும் பைத்தானோடு வரும் வென்வ் கருவி மூலம் தனிச் சூழல் அமைத்து, அந்தச் சூழலின் பைத்தானை சப்பிராசஸாக ஓட்டி, ஜேசன் வடிவில் தரவைக் கொடுத்து வாங்குவது. முரண்படும் பதிப்புகள் நிம்மதியாகச் சேர்ந்து வாழ இதுவே வழி. சி லைப்ரரி ஒன்று நொறுங்கி விழுந்தாலும் தாய் நிரல் தப்பிக்கும். விலையாகத் தொடக்க நேரமும் கூடுதல் நினைவகமும் தர வேண்டியிருக்கும். இங்கே ஒரு சின்னக் கண்ணி உண்டு: பதிலை வழக்கமான வெளியீட்டில், அதாவது ஸ்டிடிஅவுட்டில் எதிர்பார்த்தால், பிளகின் எழுதியவர் சோதனைக்காக விட்டுவைத்த ஒரு பிரின்ட் வரி ஜேசனோடு கலந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். செய்திகள் யாவும் ஸ்டிடிஎரருக்கே போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், அல்லது பதிலைத் தனிக் கோப்பில் வாங்குங்கள்.

ஓடும்போதே பிப் வைத்து நிறுவலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். முடியும். பிப்பை ஒரு லைப்ரரியாக இம்போர்ட் செய்யக் கூடாது, அதற்கு ஆதரவு இல்லை. சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் காட்டும் அதே பைத்தானைக் கொண்டு தனிப் பிராசஸாக ஓட்டி, பிறகு இன்வேலிடேட்_கேஷஸ் சொல்ல வேண்டும். ஆனால் சர்வரில் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. நான்கு ஒர்க்கர் பிராசஸ்கள் ஒரே நேரத்தில் ஒரே கோப்புறையில் நிறுவப் புகுந்தால் கோப்புகள் பாதியில் நிற்கும். ஏற்கெனவே நினைவில் ஏறிய லைப்ரரியைப் புதுப்பித்தால் நிலைமை இன்னும் மோசம்: ஏறிய துணை மாட்யூல்கள் பழைய பதிப்பாகவும், இனிமேல் ஏறுபவை புதிய பதிப்பாகவும் ஒரே லைப்ரரிக்குள் கலந்து கிடக்கும். லைப்ரரிகளை நிறுவும் வேலையைப் பிராசஸ் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். ஓடும்போது ஏற்றுவது கோட் மட்டுமாக இருக்கட்டும்.

ஏர்ஃப்ளோவில் இது எப்படி

ஏர்ஃப்ளோ தன் பிளகின்ஸ் கோப்புறையை சிஸ்.பாத்தில் தானே சேர்த்துக்கொள்கிறது. அதனால் அதற்குள் ஹுக்ஸ் என்றொரு கோப்புறையும் அதில் ஒரு கோப்பும் இருந்தால், டேக் கோப்பிலிருந்து (வேலைகளின் வரிசையை எழுதும் கோப்பிலிருந்து) ஹுக்ஸ் என்றே தொடங்கி இம்போர்ட் செய்யலாம், முன்னால் பிளகின்ஸ் என்று போட வேண்டியதில்லை. ஏர்ஃப்ளோ 2.0 முதல் ஆப்பரேட்டர் (ஒரு வேலையைச் செய்வது), ஹுக் (வெளி அமைப்போடு இணைப்பது), சென்சார் (ஒரு நிகழ்வுக்குக் காத்திருப்பது) ஆகியவற்றை ஏர்ஃப்ளோபிளகின் கிளாஸ் வழியாகப் பதிய முடியாது. சாதாரண மாட்யூலாக இம்போர்ட் செய்துகொள்ள வேண்டியதுதான். மேக்ரோ (டெம்ப்ளேட்டுகளில் கூப்பிடும் சிறு ஃபங்ஷன்) போன்ற நீட்டிப்புகளுக்கே அந்தக் கிளாஸ் வேண்டும்.

அமேசானின் நிர்வகிக்கப்பட்ட ஏர்ஃப்ளோ சேவையில் இதே கோப்புறையை பிளகின்ஸ் ஜிப் என்ற கோப்பாகவும், லைப்ரரிகளை ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பாகவும் தர வேண்டும். பலரும் சறுக்குவது ஜிப் செய்யும் இடத்தில். கோப்புறைக்கு வெளியே நின்று ஜிப் செய்தால், விரிக்கும்போது பிளகின்ஸ் கோப்புறைக்குள் இன்னொரு பிளகின்ஸ் கோப்புறை உருவாகும். எல்லா இம்போர்ட்டும் மாட்யூல் கிடைக்கவில்லை என்று விழும். கோப்புறைக்கு உள்ளே போய், உள்ளடக்கத்தை மட்டும் ஜிப் செய்யுங்கள். அனுப்பும் முன் ஜிப்பின் பட்டியலை ஒருமுறை பார்த்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும். இணையம் இல்லாத அமைப்பில் வீல் கோப்புகளையும் அந்த ஜிப்பிலேயே வைத்து, ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பின் தொடக்கத்தில் நோ-இண்டெக்ஸ், ஃபைண்ட்-லிங்க்ஸ் என்ற இரண்டு விருப்பங்களால் அந்தக் கோப்புறையைக் காட்டலாம்.

விழும்போதும் மாற்றும்போதும்

ஒரு பிளகின் கெட்டிருந்தால் மற்றவை ஓட வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனி டிரை பகுதிக்குள் ஏற்றி, பிழையின் முழு டிரேஸ்பேக்கையும் பிளகின் பெயரோடு லாகில் எழுதுங்கள். எக்ஸெப்ஷனை மட்டும் பிடித்தால் போதாது. பிளகினின் மேல்மட்டத்தில் யாராவது சிஸ்.எக்ஸிட் எழுதியிருந்தால் அது எழுப்பும் சிஸ்டம்எக்ஸிட், எக்ஸெப்ஷனின் கிளையில் வராது. தாய் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் மூடிக்கொள்ளும். ஏற்றும் கட்டத்தில் அதையும் சேர்த்துப் பிடியுங்கள்.

பிளகினைத் திருத்தியபின் இம்போர்ட்லிப்பின் ரீலோட் போதும் என்று தோன்றும். அது அந்த ஒரு மாட்யூலை மட்டுமே மறுபடி ஓட்டும், அது இம்போர்ட் செய்த துணை மாட்யூல்கள் பழையவையாகவே இருக்கும். முன்பே உருவான ஆப்ஜெக்டுகள் பழைய கிளாஸையே பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றைப் புதிய கிளாஸோடு இஸ்இன்ஸ்டன்ஸ் வைத்துப் பார்த்தால், பெயர் ஒன்றாக இருந்தும் பொய் என்று பதில் வரும். எழுதிப் பழகும்போது ரீலோட் வசதியானது. சர்வரில் பிராசஸை மறுபடி தொடங்குவதே சரி.

பாதுகாப்பில் நடுவழி கிடையாது. ஒரே பிராசஸில் ஓடும் பிளகினுக்குத் தாய் நிரலுக்குள்ள எல்லா உரிமையும் உண்டு: கோப்புகள், கடவுச்சொற்கள், இணையம் எல்லாம். பைத்தானுக்குள் வேலி கட்டி அதைத் தடுக்க முடியாது. ஆகவே பிளகின் கோப்புறையில் எழுதும் அனுமதி யாருக்கு இருக்கிறதோ அவர் உங்கள் நிரலின் பெயரில் எதையும் செய்ய வல்லவர். அந்த அனுமதியை நிரலை ஓட்டும் பயனர் கணக்குக்குக்கூடக் கொடுக்காதீர்கள். கண்டதையெல்லாம் ஏற்றாமல், அமைப்புக் கோப்பில் பெயர் குறித்தவற்றை மட்டும் ஏற்றுங்கள். லைப்ரரிகளை ரிக்வயர்-ஹாஷஸ் விருப்பத்தோடு நிறுவினால், நீங்கள் சோதித்த அதே கோப்புதான் வந்திருக்கிறது என்பது உறுதியாகும்.

எல்லாம் செய்தும் ஒரு பிளகின் விசித்திரமாக நடந்தால், முதலில் சந்தேகிக்கும் மாட்யூலின் ஃபைல் பண்பை அச்சிட்டு அது எந்தப் பாதையிலிருந்து வந்தது என்று பாருங்கள். அடுத்து சிஸ்.எக்ஸிக்யூட்டபிள், எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று சொல்லும். பிறகு சிஸ்.பாத்தை வரிசையோடு அச்சிடுங்கள். இன்னும் பிடிபடவில்லையென்றால் பைத்தானை மைனஸ் வி விருப்பத்தோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு மாட்யூலும் எந்தக் கோப்பிலிருந்து ஏறியது என்று வரி வரியாகச் சொல்லும். வெளியீடு மிக நீளமாக வரும், ஆகவே அதை ஒரு கோப்பில் சேமித்து லைப்ரரியின் பெயரைத் தேடுங்கள்.